சென்டர் கேப் ஸ்க்ரூ தொலைஞ்சு போச்சா? ஷோரூம், போல்ட் கடை, புதுப்பேட்டை, ஆன்லைன்... எங்க வாங்குறது சரிப்படும்

அலாய் வீல் போட்ட வண்டில சென்டர் கேப்ப, அதாவது வீலோட நடு ஓட்டைய மறைக்கிற மூடிய, பிடிக்கிற ஸ்க்ரூ ஒண்ணு ரெண்டு தொலைஞ்சிருச்சுன்னு வீல் கடைல போய் நின்னா பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும், "ஸ்க்ரூ மட்டும் தனியா வராது சார், கேப்பு செட்டாதான் வரும்". நாலு கேப்புக்கு அவங்க சொல்ற விலைய கேட்டுட்டு நிறைய பேரு வெளிய வந்து ரெண்டு ஸ்க்ரூலயே ஓட்டிட்டு இருக்காங்க, இல்ல பக்கத்து ஹார்டுவேர் கடைல கையில கிடைச்சத வாங்கி முறுக்கி வீல்ல இருக்கிற மரைய (ஸ்க்ரூ ஏறுற திரெட்ட) நாசம் பண்ணிடுறாங்க. ரெண்டுமே தேவையில்ல. அந்த ஸ்க்ரூ ஸ்டாண்டர்ட் அளவுகள்ல செய்யுற சாதாரண சாமான், அளவு தெரிஞ்சா சில ரூபாய்லயே ஒரு ஸ்க்ரூ முடிஞ்சிரும். அளவு தெரியாம போனா எந்த கடைக்கு போனாலும் வீண் அலைச்சல்தான்.

என் ஸ்கார்பியோல வெளி மார்க்கெட் அலாய் போட்டிருக்கேன், கேப்பு ஒவ்வொண்ணும் ஆலன் ஸ்க்ரூல (தலைல ஆறு மூலை குழி இருக்கிறது) நிக்கிற டைப். பேலன்ஸிங் போட குடுத்த இடத்துல கேப்ப கழட்டுனாங்க, திருப்பி மாட்டும்போது ரெண்டு ஸ்க்ரூ காணோம், கேட்டா "வரும்போதே இல்ல சார்"னு சொல்லிட்டாங்க. அதுக்கப்புறம் நான் எல்லா வழியும் விசாரிச்சு பாத்ததுதான் இந்த ஒப்பீடு.

முதல்ல உங்க கேப்பு எதுல நிக்குதுன்னு பாருங்க, ஏன்னா அத வச்சுதான் எந்த வழி உங்களுக்கு ஒத்து வரும்னு முடிவாகும். கேப்போட முகத்துல சின்ன சின்ன ஸ்க்ரூ தலை தெரிஞ்சா அது ஸ்க்ரூ டைப், வெளி மார்க்கெட் அலாய்ல, அதுவும் ஆஃப்ரோடு ஸ்டைல் வீல்ல இது நிறைய. முகத்துல ஒண்ணுமே தெரியலன்னா அது கிளிப் டைப், பின்னாடி பிளாஸ்டிக் கால் நாலஞ்சு இருக்கும், அந்த கால்கள உள்ள இருந்து வெளிய தள்ளுற மாதிரி ஒரு ஸ்டீல் கம்பி வளையம் இருக்கும், கம்பெனி அலாய் எல்லாம் கிட்டத்தட்ட இதுதான். மூணாவது, வீல் நட்டே கேப்பையோ வீல் கவரையோ பிடிச்சிட்டு இருக்கிற டைப், ஸ்டீல் ரிம் வண்டில பாக்கலாம். இதுல முதல் டைப்பு பத்திதான் நிறைய பேசணும், மத்த ரெண்டையும் முதல்ல முடிச்சிடலாம்.

கிளிப் டைப்ல கால் உடைஞ்சு போச்சுன்னா கிளிப்ப மட்டும் வாங்கி மாட்ட முடியாது, கால் கேப்போட சேத்து வார்த்தது. முழு கேப்புதான் வாங்கணும், அப்ப ரெண்டு அளவு எடுத்துட்டு போங்க, முகத்தோட வெளி விட்டம் ஒண்ணு, பின்னாடி கிளிப் கால்களோட வெளி விட்டம் ஒண்ணு. பிஎம்டபிள்யூக்கு 68 எம்எம், பென்ஸுக்கு 75 எம்எம்னு ஆன்லைன்ல போட்டிருக்கிறது எல்லாம் முகத்தோட அளவு, கால் அளவு அத விட குறைவா இருக்கும், ஓட்டைல உக்காரப் போறது காலுதான். முகம் சரியா இருந்து கால் ஒரு மில்லிமீட்டர் சின்னதா இருந்தா கூட மாட்டும்போது டக்குனு உக்காந்த மாதிரி இருக்கும், முதல் பெரிய பள்ளத்துல பறந்துரும். கம்பி வளையம் மட்டும் தொலைஞ்சு கேப்பு நல்லா இருக்குன்னா அப்ப சென்னைல பழைய வண்டி பார்ட்ஸ் விக்கிற புதுப்பேட்டை நல்ல வழி, முகம் கீறி வீணாப் போன அதே மாடல் கேப்பு ஒண்ண எடுத்து அதுல இருந்து வளையத்த கழட்டிக்கலாம்.

நட்டு டைப்புக்கு ஒரே பதில், கம்பெனி பார்ட்ஸ் கவுன்டர். அங்க பேரம் பேசுற இடமே இல்ல, ஏன்னா அது அழகு சாமான் இல்ல, வீல பிடிச்சிட்டு இருக்கிற நட்டு. மாருதி வண்டில நட்டு மரை எம்12, அதாவது விட்டம் 12 எம்எம், பிட்ச் (ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் உள்ள தூரம்) 1.25. டொயோட்டா, ஹோண்டா, ஹூண்டாய்லயும் பெரும்பாலும் எம்12 தான், ஆனா பிட்ச் 1.5. பாக்க ரெண்டும் அச்சு அசலா ஒண்ணு போல இருக்கும், ஒண்ணுக்கு ஒண்ணு ரெண்டு மூணு சுத்து கையாலயே ஏறும், அப்புறம் ஸ்பானர் போட்டு முறுக்குனா ஸ்டட்டோட (நட்டு ஏறுற கம்பியோட) மரை காலி. அதோட நட்டு உக்கார்ற முகமும் முக்கியம், சிலது கூம்பு, ஹோண்டால உருண்டை, டொயோட்டா அலாய் நட்டுல தட்டையான வாஷர். முகம் மாறுனா நட்டு இறுகுன மாதிரி தோணும், ஓட ஓட லூஸாகும். ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடால நட்டே கிடையாது, எம்14 போல்ட், அதுக்கு மேல பிளாஸ்டிக் மூடி வரும், அந்த மூடி தொலைஞ்சா மட்டும் கவலையில்லாம எங்க வேணா வாங்கிக்கலாம், அது எதையும் பிடிச்சிட்டு இல்ல. இன்னொண்ணும் சொல்லிடுறேன், ரிம் ஓரத்துல வட்டமா போல்ட் வரிசை இருக்கிற ரெண்டு பீஸ் மூணு பீஸ் வீல் வச்சிருக்கவங்க அந்த போல்ட்டையும் சென்டர் கேப் ஸ்க்ரூவையும் ஒண்ணா நினைக்காதீங்க, அது வீலோட பாகங்கள சேத்து பிடிக்கிறது, அத வீல் கம்பெனி சொல்ற போல்ட் தவிர வேற எதுவும் வச்சு மாட்டக் கூடாது.

இப்ப ஸ்க்ரூ டைப்புக்கு வரலாம்.

கடைக்கு போறதுக்கு முன்னாடி ஒரு வேலை, மிச்சம் இருக்கிற ஸ்க்ரூல ஒண்ண கழட்டி கையில எடுத்துக்கோங்க. கேப்பு பாதி ஸ்க்ரூல ஆடிட்டு இருந்தா கேப்பையே கழட்டி டிக்கில போட்டுடுங்க, கொஞ்ச நாள் கேப்பு இல்லாம ஓட்டுனா ஆக்ஸில் நட்டு மேல தண்ணியும் தூசியும் படும், மழைக்காலம் முழுக்க அப்படியே விட்டா துருப்பிடிக்கும், அவ்வளவுதான், ஆனா ஹைவேல எண்பது தொண்ணூறுல போகும்போது அந்த கேப்பு பிச்சிட்டு போனா பின்னாடி பைக்ல வர்றவரு மூஞ்சில அடிக்கும். இத யாரும் பெருசா எடுத்துக்கிறதில்ல, எனக்கு இதுதான் முதல் விஷயம்.

அளவு எடுக்கிறது இப்படி. ஒரு ஸ்டீல் ஸ்கேலோ சின்ன வெர்னியரோ போதும். மரை மேல விட்டம் பாருங்க, 3.9 கிட்ட வந்தா எம்4, 4.9 வந்தா எம்5, 5.9 வந்தா எம்6, மரை விட்டம் எப்பவும் பேருக்கு கொஞ்சம் கம்மியாத்தான் காட்டும். அப்புறம் பத்து மரை எவ்வளவு நீளம்னு பாருங்க, எம்4க்கு 7 எம்எம், எம்5க்கு 8, எம்6க்கு 10. இந்த மூணுக்குள்ளதான் பெரும்பாலான கேப் ஸ்க்ரூ அடங்கும். ஆலன் கீ அளவும் ஒரு நல்ல துப்பு, பட்டன் தலை (தட்டையா வளைஞ்ச தலை) ஸ்க்ரூல 3 எம்எம் கீ போனா எம்5, 4 எம்எம் கீ போனா எம்6, உருளை தலைன்னா எம்5க்கே 4 எம்எம், எம்6க்கு 5 எம்எம், அதனால தலைய பாக்காம கீய மட்டும் வச்சு முடிவு பண்ணாதீங்க.

அமெரிக்க பிராண்டு வீல் வச்சிருக்கவங்களுக்கு ஒரு சிக்கல் இருக்கு. அதுல இன்ச் மரை இருக்கலாம், குறிப்பா 10-32ன்னு ஒண்ணு. அதோட விட்டம் 4.83 எம்எம், பிட்ச் 0.79. எம்5 விட்டம் 5, பிட்ச் 0.8. பத்து மரை அளந்தா ரெண்டுக்கும் வித்தியாசமே தெரியாது! எம்5 ஓட்டைல 10-32 ஸ்க்ரூ போட்டா லொடலொடன்னு ஏறும், பிடிப்பு இருக்காது, ரோட்டுல விழுந்துரும். 10-32 ஓட்டைல எம்5 போட்டா ரெண்டு சுத்து விரலால ஏறி அப்புறம் டைட்டாகும், அங்கேயே நிறுத்திடணும், "கொஞ்சம் ஆயில் விட்டு கீ போட்டு ஏத்திடலாம்"னு சொல்ற மெக்கானிக் கையில குடுத்தீங்கன்னா அலுமினியம் மரை உரிஞ்சு வந்துரும். சரியான ஸ்க்ரூன்னா விரலாலயே கடைசி வரைக்கும் போகணும், இது ஒண்ண பிடிச்சுக்கோங்க. அமெரிக்க பேரு இருந்தாலும் வீல் தைவான்லயோ சீனாலயோ வார்த்ததா இருந்தா மெட்ரிக்கே இருக்கலாம், பேர வச்சு முடிவு பண்ண வேணாம், அளந்து பாத்துக்கோங்க.

நீளம்தான் அடுத்தது, இதுலதான் நிறைய பேரு ஏமாறுறாங்க. ஓட்டை பெரும்பாலும் மறுபக்கம் திறக்காத மொட்டை ஓட்டை, ஒரு பால்பாயின்ட் ரீஃபிள உள்ள விட்டு ஆழத்த குறிச்சுக்கலாம். உதாரணத்துக்கு ஆழம் 14 எம்எம், கேப்போட காது (ஸ்க்ரூ போற ஓட்டை இருக்கிற இடம்) தடிமன் 3, வாஷர் 1ன்னு வச்சுக்குவோம். 16 எம்எம் ஸ்க்ரூ போட்டா 12 எம்எம் உள்ள இறங்கும், அருமையா பிடிக்கும். "நீளமா இருந்தா இன்னும் நல்லா பிடிக்கும்"னு 20 எம்எம் போட்டா ஸ்க்ரூ அடில போய் முட்டிக்கும், கீ இறுகிடும், நீங்க டைட்டாயிருச்சுன்னு நினைப்பீங்க, ஆனா தலைக்கும் கேப்புக்கும் நடுவுல ரெண்டு எம்எம் இடைவெளி இருக்கும், கேப்பு கடகடன்னு ஆடும். ரொம்ப குட்டையாவும் கூடாது, அலுமினியத்துல எம்5க்கு எட்டு எம்எம்மாவது மரை பிடிச்சா நல்லது. தலை மட்டமா பதியுற கூம்பு தலை ஸ்க்ரூன்னா நீளத்த தலையோட சேத்து சொல்லுவாங்க, மத்த தலைக்கு தலைய விட்டுட்டு அளக்கணும், கடைல சொல்லும்போது இது மாறிடக் கூடாது. கேப்புல குழி எப்படியோ தலையும் அப்படியே இருக்கணும், தட்டையான இடத்துல கூம்பு தலைய போட்டு இறுக்குனா அது ஆப்பு மாதிரி இறங்கி பிளாஸ்டிக் காத பிளந்துரும்.

இந்த அளவெல்லாம் ஒரு துண்டு பேப்பர்ல எழுதியாச்சுன்னா இப்ப எங்க போறதுன்னு பாக்கலாம்.

வண்டி கம்பெனி ஷோரூம் பார்ட்ஸ் கவுன்டர்: கம்பெனி போட்டு குடுத்த வீலா இருந்தா போய் கேளுங்க, சேசிஸ் நம்பர் குடுத்தா அவங்க சிஸ்டத்துல படத்தோட காட்டும், ஸ்க்ரூவுக்கு தனி பார்ட் நம்பர் இருந்தா அதிர்ஷ்டம், வாங்கிட்டு வந்துடலாம். வெளி மார்க்கெட் வீலுக்கு அங்க போறதுல அர்த்தமே இல்ல, அவங்க கிட்ட அந்த வீலோட விவரமே இருக்காது.

வீல் வாங்குன கடை: பில்லு இருந்து, வீல் வாங்கி ரொம்ப நாள் ஆகலன்னா முதல்ல இங்க போறதுதான் நியாயம். புது வீல் பெட்டில கேப்போட ஸ்க்ரூ பாக்கெட் வரும், எக்ஸ்ட்ராவா கிடக்கிற பாக்கெட்ல இருந்து எடுத்து குடுக்கிற நல்ல கடைக்காரங்களும் இருக்காங்க. சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுல ஆக்சசரீஸ் கடைங்க வரிசையா இருக்கு, அங்க விசாரிச்சா உங்க வீல் டிசைன பாத்த உடனே பேரு சொல்லுவாங்க. பிரச்சனை என்னன்னா அவங்களுக்கு ஸ்க்ரூ விக்கிறதுல லாபம் கிடையாது, கேப் செட் விக்கிறதுலதான் இருக்கு, அதனால பேச்சு அங்கதான் போகும். அந்த மாடல் வீல் வர்றது நின்னு போச்சுன்னா கேப்பும் கிடைக்காது.

போல்ட் நட் கடை: என்னோட ஓட்டு இதுக்குத்தான், ஸ்க்ரூ டைப் கேப்பு வச்சிருக்கிற பத்துல ஒன்பது பேருக்கு இதுவே போதும். பாரிமுனை பக்கம் தெருத்தெருவா இருக்கு, அம்பத்தூர் எஸ்டேட் சுத்தி இருக்கு, எந்த ஊர்ல தொழிற்பேட்டை இருக்கோ அங்க ஒரு நல்ல போல்ட் கடை இருக்கும். சாதாரண பெயின்ட், தாழ்ப்பாள் விக்கிற ஹார்டுவேர் கடைய சொல்லல, போல்ட் மட்டுமே விக்கிற கடை, சுவர் முழுக்க சின்ன சின்ன டிராயரும் அட்டை டப்பாவுமா இருக்கும், அங்க உக்காந்திருக்கிறவரு ஸ்க்ரூவ விரல்ல உருட்டியே அளவு சொல்லிருவாரு. நான் போன கடைல அப்படித்தான், "அண்ணே, எம்5, 16 நீளம், பட்டன் ஹெட் ஆலன், எஸ்எஸ்ல வேணும்"னு சொன்னேன், அவரு "எஸ்எஸ்ல 304 இருக்கு, 316 இருக்கு, எது தம்பி"ன்னு திருப்பி கேட்டாரு. எஸ்எஸ்னா ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், 304, 316 எல்லாம் அதோட ரகம். அந்த கேள்விய கேக்குற கடைய விட்டுடாதீங்க. சாம்பிள் ஸ்க்ரூவ குடுத்தா மரை கேஜ் வச்சு பாத்து இன்ச்சா மெட்ரிக்கான்னும் சொல்லுவாங்க, எதிர்லயே ஒரு புது நட்ட எடுத்து அதுல சாம்பிள ஏத்தி காட்டுவாங்க, வேற எந்த வழிலயும் இந்த சோதனை கிடைக்காது. சாம்பிளே இல்ல, எல்லா ஸ்க்ரூவும் போச்சுன்னா வண்டிய கடை வாசல்லயே நிறுத்தி எம்4, எம்5, எம்6ல ஒவ்வொண்ணு வாங்கி ஓட்டைல விரலால ஏத்தி பாத்துட்டு மிச்சத்த வாங்குங்க.

அங்க எந்த மெட்டீரியல் வாங்குறதுன்னு ஒரு குழப்பம் வரும். கறுப்பா பளபளன்னு இருக்கிற 12.9 ஆலன் போல்ட்டு (12.9ங்கிறது பலத்த சொல்ற கிரேடு) எல்லா கடையிலயும் கிடைக்கும், அன்பிராகோ, டிவிஎஸ்னு நல்ல பேருள்ள கம்பெனிங்க செய்யுது, டிவிஎஸ் போல்ட்டுன்னு நாம சொல்றது நம்ம சென்னை பாடில 1966ல ஆரம்பிச்ச சுந்தரம் ஃபாஸனர்ஸ் சரக்கு, மெஷினுக்கு போடணும்னா கண்ண மூடிட்டு வாங்கலாம். ஆனா சென்டர் கேப்புக்கு 12.9 வேணாம். இங்க பலம் தேவையே இல்ல, நூறு இருநூறு கிராம் கேப்ப பிடிக்கிற வேலை, அந்த கறுப்பு பூச்சு வெறும் ஆயில்ல நிக்கிறது, வீல்ல தண்ணி அடிச்சு கழுவி ஒரு ஐப்பசி கார்த்திகை மழை பாத்தா செம்மண் கலர்ல துரு ஒழுகி புது அலாய் மேல கோடு விழும். துத்தநாக முலாம் போட்ட வெள்ளை போல்ட் கொஞ்சம் தாங்கும், அதுவும் ஆலன் கீ போற குழிலதான் முதல்ல துரு ஏறும், அப்புறம் கீ வழுக்கும். ஸ்டெயின்லெஸ்தான் சரி. தலைல ஏ2-70ன்னு இருந்தா 304 வகை, ஏ4ன்னு இருந்தா 316 வகை, திருவான்மியூர்ல இருந்து ஈசிஆர் முழுக்க, தூத்துக்குடி, நாகப்பட்டினம்னு உப்புக்காத்து அடிக்கிற ஊர்ல இருக்கவங்க கொஞ்சம் காசு கூட போனாலும் 316 வாங்குங்க. காந்தம் வச்சு பாத்து ஒட்டலன்னா நல்ல எஸ்எஸ்னு ஒரு நம்பிக்கை இருக்கு, அது அரைகுறை உண்மை. மட்டமான 200 சீரிஸ் எஸ்எஸ்ஸும் காந்தத்துல ஒட்டாது, ஆனா துருப்பிடிக்கும். நல்ல 304 ஸ்க்ரூ கூட தலை அடிச்சு உருவாக்குனதுனால லேசா இழுக்கும். தலைல இருக்கிற எழுத்த நம்புங்க.

புதுப்பேட்டை: பழைய வண்டி உடைக்கிற இடம், அம்பாசடர்ல இருந்து நேத்து வந்த எஸ்யூவி வரைக்கும் கிடைக்கும், கிளிப் கேப்பு, கம்பி வளையம், உற்பத்தி நின்னு போன மாடல் கேப்பு இதுக்கெல்லாம் இத விட்டா வழியில்ல. ஸ்க்ரூவுக்காக மட்டும் அங்க போறது வேஸ்ட், பழைய ஸ்க்ரூ தலை தேஞ்சிருக்கும், எந்த வண்டில இருந்து வந்ததுன்னு தெரியாது, புது ஸ்க்ரூ இத விட கம்மி விலை. கேப்பு எடுக்க போனா உங்க உடைஞ்ச கேப்ப கையில எடுத்துட்டு போங்க, மாடல் பேர மட்டும் சொன்னா வேற வருஷத்து கேப்ப குடுப்பாங்க, பாக்க ஒரே மாதிரி இருக்கும்.

ஆன்லைன்: அமேசான், ஃபிளிப்கார்ட்ல எம்5 எஸ்எஸ் ஸ்க்ரூ பாக்கெட் பாக்கெட்டா கிடைக்குது, அளவு உறுதியா தெரிஞ்சவங்களுக்கு, போல்ட் கடை இல்லாத சின்ன ஊர்ல இருக்கவங்களுக்கு நல்ல வழி. கம்பெனி பார்ட் நம்பர் தெரிஞ்சா பூட்மோங்கிற ஸ்பேர் பார்ட்ஸ் சைட்ல தேடலாம். முன்னாடி நிறைய பேரு அலிஎக்ஸ்பிரஸ்ல வீல் மாடல் பேர போட்டு கேப் ஸ்க்ரூ செட்டாவே வாங்கிட்டு இருந்தாங்க, 2020 நவம்பர்ல அந்த ஆப்ப நம்ம நாட்டுல தடை பண்ணதுக்கு அப்புறம் அது இல்ல. ஆன்லைன்ல எனக்கு பிடிக்காத விஷயம் ஏத்தி பாத்து வாங்க முடியாது, அதோட ரெண்டு ஸ்க்ரூவுக்கு ஐம்பது உள்ள பாக்கெட் வாங்கணும். "எல்லா வண்டிக்கும் பொருந்தும்"னு போட்டிருக்கிற சென்டர் கேப்பு எதையும் தொடாதீங்க.

லேத் பட்டறை: தலை டிசைனே விசித்திரமா இருக்கு, கேப்புல குழி அப்படி அமைஞ்சிருக்குன்னா எஸ்எஸ் ராடுல கடைஞ்சு குடுப்பாங்க. ஒண்ணு ரெண்டுக்கு செலவு அதிகம், முழு செட்டா போட்டா பரவால்ல. இதுக்கு முன்னாடி போல்ட் கடைல ஸ்டாண்டர்ட் தலை வாங்கி அதோட ஓரத்த மட்டும் லேத்துல கொஞ்சம் சீவி சின்னதாக்க முடியுமான்னு கேளுங்க, பாதி கேஸுக்கு இதுவே போதும்.

பசை: ஃபெவிக்விக், எம்சீல், சிலிகான்னு ஆளுக்கொண்ணு சொல்லுவாங்க. தயவுசெஞ்சு வேணாம். பேலன்ஸிங் மெஷின்ல வீல மாட்டும்போது நடு ஓட்டை வழியாத்தான் மாட்டுவாங்க, கேப்ப எடுத்தே ஆகணும், ஒட்டி வச்ச கேப்ப அங்க இருக்கிற பையன் பின்னாடி இருந்து ஸ்க்ரூடிரைவர் வச்சு தட்டுவான், கேப்பு ரெண்டா வரும், சில சமயம் வீல் பெயின்டும் போகும். ஸ்டீல் ரிம் வீல் கவர கேபிள் டை போட்டு கட்டி ஓட்டுறத கால் டாக்ஸில நிறைய பாத்திருப்பீங்க, அது பரவால்ல, நல்ல வழின்னே சொல்லுவேன், வேணும்னா வெட்டி எடுத்துடலாம், கறுப்பு டை போடுங்க, வெள்ளை டை வெயில்ல சீக்கிரம் வெடிச்சிரும்.

ஸ்க்ரூ வாங்கியாச்சு, மாட்டும்போது லூசாகாம இருக்க லாக்டைட் போடலாமான்னு எல்லாரும் கேக்குறாங்க. இதுல ஒரு விஷயம் நம்ம ஊர்ல சொல்றதே இல்ல, லாக்டைட் மாதிரி மரை பூட்டுற திரவம் ஏபிஎஸ், பாலிகார்பனேட் மாதிரி பிளாஸ்டிக்ல பட்டா பிளாஸ்டிக்க தின்னு மெல்லிசா விரிசல் விட வைக்கும், சென்டர் கேப்பு பெரும்பாலும் ஏபிஎஸ்தான். ஸ்க்ரூ ஓட்டைய சுத்தி முடி மாதிரி கோடு கோடா விரிசல் ஓடியிருக்கிற கேப்ப நீங்களே பாத்திருக்கலாம், ஓவரா இறுக்குனதுனாலயும் வரும், இதனாலயும் வரும். அப்படி போட்டே ஆகணும்னா பலம் கம்மியான 222ல ஒரு சின்ன துளி, ஸ்க்ரூல தடவாம வீல் ஓட்டைக்குள்ள மரைல மட்டும் விடுங்க, வெளிய வழிஞ்சா உடனே தொடைங்க. உலோக கேப்புன்னா இந்த பயம் இல்ல. பிளாஸ்டிக் கேப்புக்கு என்னோட தேர்வு லாக்டைட் வேணாம், தலைக்கு கீழ ஒரு எஸ்எஸ் வாஷர், மரைல ஆன்டி சீஸோ (மரை கவ்விக்காம இருக்க தடவுற பேஸ்ட்) கிரீஸோ கொஞ்சமா தடவணும், அலுமினியமும் ஸ்டெயின்லெஸ்ஸும் தண்ணியோட சேர்ந்தா அலுமினியம் வெள்ளை பொடியா பூத்து ஸ்க்ரூவ கவ்விக்கும், ரெண்டு வருஷம் கழிச்சு கழட்டும்போது வராது. ஆலன் கீய நீளமான பக்கம் ஸ்க்ரூல விட்டு குட்டையான பக்கத்த ரெண்டு விரலால பிடிச்சு இறுக்குனா போதும், அதுக்கு மேல பலம் போனா காது உடையும். வீல் நட்டு முறுக்குற ஏர் கன்னு போட்டு இறுக்க விடவே விடாதீங்க.

வீல்ல மரையே போயிருந்தா வீல மாத்தணும்னு பயப்பட வேணாம். எம்5 மரை உரிஞ்ச ஓட்டை கிட்டத்தட்ட 5 எம்எம் இருக்கும், எம்6 டேப் (மரை வெட்டுற டூல்) போட ஓட்டை 5 எம்எம்தான் தேவை, அதனால லேத் பட்டறைல லேசா டிரில் விட்டு எம்6 மரை எடுத்துடுவாங்க, கேப்பு காதுல இருக்கிற ஓட்டைய மட்டும் ஆறரை எம்எம் ஆக்கணும். காது அந்த அளவுக்கு அகலம் இல்லன்னா ஹெலிகாயில் (ஓட்டைக்குள்ள ஏத்துற ஸ்டீல் கம்பிச் சுருள்) போடலாம், அதே எம்5 மரை ஸ்டீல்ல திரும்ப கிடைக்கும், என்ன கேட்டா இதுதான் முதல்ல இருந்தத விட உறுதி. ஸ்க்ரூ உள்ளயே முறிஞ்சிருந்தா வீட்ல முயற்சி பண்ணாதீங்க, டிரில் சாஞ்சா ஓட்டை ஓவலாயிரும், பட்டறைல இடது கை டிரில் (எதிர்ப்பக்கமா சுத்துறது) வச்சு எடுப்பாங்க.

நான் கடைசில வாங்குனது எம்5 பதினாறு 316 பட்டன் ஹெட், நாலு வீலுக்கும் முழு செட்டா, பழசு புதுசு கலந்து இருந்தா பாக்க நல்லா இல்லன்னு மொத்தமா மாத்திட்டேன். எக்ஸ்ட்ரா நாலும், அதுக்குரிய 3 எம்எம் ஆலன் கீயும் ஒரு ஜிப் கவர்ல போட்டு ஜாக்கி பைக்குள்ள வச்சாச்சு. மாட்டி ஒரு நூறு கிலோமீட்டர் ஓட்டுனதும் ஒரு தடவை கீ வச்சு பாத்துக்கோங்க, பிளாஸ்டிக் கொஞ்சம் அமுங்கி கால் சுத்து எடுக்கும். இனிமே பேலன்ஸிங்குக்கு விடும்போது கேப்ப வீட்லயே கழட்டி வச்சுட்டு போங்க.